எங்கம்மா கொழுந்தில் 2 கிலோ எங்கே போகிறது? வகுப்பில் பிள்ளைகள் கேட்டவை

ஹட்டன் ஆசிரியர்
8ஆம் தரம், திணிவுக் காப்பு விதி. தடித்த சோடாப் போத்தலுக்குள் வினாகிரி, சின்னக் குழாயில் அப்பச்சோடா. மூடியை இறுக்கிவிட்டுச் சாய்த்தேன். நுரை பொங்கியது, தராசு முன்பு காட்டியதையே காட்டியது. "பார்த்தீங்களா, எதுவும் காணாமல் போகாது" என்றேன். பின்வரிசைப் பிள்ளை எழுந்தாள். "அப்ப எங்கம்மா கொழுந்துல தினம் 2 கிலோ எங்க சேர் போவுது?"

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே. "தண்ணிக்குக் கழிக்கிறாங்கம்மா" என்றேன். "நேத்து மழையே பெய்யலையே சேர்." வகுப்பே என்னைப் பார்த்தது. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். "சரி, பாடத்துக்கு வருவோம்" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். மூன்று வாரமாக அது உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற டீமேக்கர், தலவாக்கலை
தம்பி, பெக்டரியைப் பார்க்க வந்த பிள்ளைகளும் என்னிடம் இப்படித்தான் கேட்டார்கள். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போனால் ஒரு கிலோ தேயிலை வரும், மீதி எங்கே என்று. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டும்போது ஒரு பங்கு, அடுப்பில் மிச்சம், ஆவியாகப் போய்விடுகிறது. அதைக் காட்டினேன், புரிந்துகொண்டார்கள்.

ஆனால் ஒரு பையன் அரைத்த கொழுந்தைக் கையில் அள்ளி, "பச்சையா இருந்தது செம்பு நிறமாயிருச்சே, அழுகிப்போச்சா?" என்றான். நாங்கள் நொதித்தல் என்கிறோம், நானும் அதையே சொன்னேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று தோன்றியது. அதில் நுண்ணுயிருக்கு வேலையில்லை. இலை நசுங்கும்போது உள்ளிருக்கும் நொதியம் சாற்றோடு கலந்து, வளியிலுள்ள ஒட்சிசன் சேர்கிறது. உண்மையான இரசாயனத் தாக்கம். அந்தப் பையனுக்கு இப்போது பிள்ளைகளே இருக்கும்.

பண்டாரவளை அம்மா
மகளுக்கு வீட்டுவேலை. போத்தல் வாயில் பலூனை மாட்டி, அதே அப்பச்சோடாவும் வினாகிரியும். பலூன் நன்றாக ஊதியது. தராசு மட்டும் ஒன்றரைக் கிராம் குறைவாகக் காட்டியது! நூலால் கட்டி இரண்டு முறை செய்தோம், அதே குறைவு. "எங்கேயோ வாயு கசியுது" என்றேன். அவள் பலூனைச் சவர்க்காரத் தண்ணீரில் அமுக்கி, ஒரு குமிழியும் வரவில்லை என்று காட்டினாள். பிறகும் நான் "கசிவு என்றே எழுது" என்றேன். எழுதினாள். எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்டி டியூஷன்
அக்கா, உங்கள் மகள்தான் சரி. ஊதிய பலூன் ஒன்றரை லீற்றர் இடத்தை அடைத்தால் அவ்வளவு வளியை வெளியே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் ஒரு லீற்றர் வளி ஏறக்குறைய 1.2 கிராம், உங்கள் உயரத்தில் 1 கிராமுக்குச் சற்று மேல். அந்த அளவுக்கு மேலுதைப்பு பலூனைத் தூக்குகிறது, தராசு குறைத்துக் காட்டுகிறது. திணிவு குறையவே இல்லை. கொப்பியில் கசிவு என்பதை வெட்டிவிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு இந்திய வீடியோ போட்டுக் காட்டுபவர்கள் கவனியுங்கள். அங்கே நிறை என்பது நம் திணிவு, எடை என்பது நம் நிறை. என் மாணவன் ஒருவன் பரீட்சையில் நிறையைக் கிலோகிராமில் எழுதிப் புள்ளியை இழந்தான். நியூற்றனில் எழுத வேண்டும் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். போத்தல் சோதனைக்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம், அப்பச்சோடா கால் தேக்கரண்டி போதும். கடைசியாக மூடியை மெதுவாகத் திறந்து மறுபடி நிறுக்க வையுங்கள். வெளியே போன காபனீரொட்சைட்டின் அளவு குறைவதை அவர்களே காண்பார்கள். டீமேக்கர் ஐயா ஆவியைக் காட்டியதும் இதேதான். ஆனால் ஹட்டன் சேர், கொழுந்து நிறுக்கையில் கழிப்பதை விதியோடு கலக்காதீர்கள். அது மனிதர் போடும் கணக்கு.

நானுஓயா
றம்பொடை ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. கொண்டக்டர் குதித்துச் சில்லுக்குப் பின்னால் கட்டை வைத்தார். "இவ்வளவு பெரிய பஸ்ஸை அந்தச் சின்னக் கட்டையா பிடிக்குது?" என்றாள் தங்கச்சி மகள். பஸ்ஸின் நிறையில் பெரும்பகுதியை வீதியே தாங்குகிறது, சரிவோடு கீழே இழுக்கும் பங்கை மட்டும் பிடித்தால் போதும், பத்துக்கு ஒன்று சரிவென்றால் பத்தில் ஒரு பங்குதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். பயத்தில் "பேசாம இரு" என்று அதட்டிவிட்டேன்.

ஹட்டன் ஆசிரியர்
கண்டி சேர், நான் கலக்கவில்லை, அவள்தான் கேட்டாள். கேட்டது சரியென்றே நினைக்கிறேன். எங்கே போனது என்று கேட்கச் சொல்லித்தானே அந்த விதியைப் படிப்பிக்கிறோம்.

நேற்று வெறும் கொழுந்துச் சாக்கை வகுப்புக்குக் கொண்டுபோய் அவளையே நிறுக்கச் சொன்னேன். 300 கிராம். மழை பெய்யாத நாள் என்பதால் ஈரத்துக்கு எதுவும் சேர்க்கவில்லை. கொப்பியில் 2 கிலோவிலிருந்து கழித்து, 1 கிலோ 700 கிராம் என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.