படகிலும் ஜெனரேட்டர் சத்தத்திலும் வீணை கேட்க எந்த இயர்போன்?

தாலாக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வீடு ஆற்றுக்கு அக்கரையில் தாலாவில், வேலை ரங்கூன் டவுனில். அனோயத்தா ரோடு பக்கம் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையும் மாலையும் படகில் பன்சோடான் துறைக்குப் போய்வர வேண்டும். இஞ்சின் இரைச்சல் ஒரு பக்கம், பண்டம் விற்கிறவர்கள் கூவுவது ஒரு பக்கம். வீட்டுக்கு வந்தால் பாதி நாள் கரண்ட் இருக்காது. பக்கத்துக் கடை ஜெனரேட்டர் எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் ஓடுகிறது.

இதற்கு நடுவில் நாதஸ்வரமும் வீணையும் கேட்க ஆசைப்படுகிறேன். நாதஸ்வரத்தைப் பற்றிக் கவலையில்லை, அது எந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வீணைதான் பாவம். மந்தரத்தில், அதாவது கனத்த அடித் தந்தியில், ஒரு கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) இழுத்தால் பாதிக்கு மேல் காணாமல் போய்விடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் மீட்டு மட்டும் காதைக் குத்துகிறது.

இப்போது வைத்திருப்பது போனோடு வந்தது, காது வாயிலில் சும்மா தொங்கும் வகை. காதுக்குள் போய் அடைக்கிற வகையாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். வயர் உள்ளதுதான் வேண்டும். கரண்ட் வரும் நேரத்தில் போன், லைட் பேட்டரி, பவர்பேங்க் என்று ஏற்கெனவே வரிசை நிற்கிறது. இன்னொன்று, என் காது சின்னது. தங்கச்சியின் ரப்பர் வைத்த இயர்போனைப் போட்டுப் பார்த்தேன். வலது காதில் நிற்கிறது, இடது காதில் நழுவுகிறது. என்ன பார்த்து வாங்குவது?

பெகுப்பையன் எழுதியது:

அக்கா, வயரை விடுங்க. நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் ஒன்று வாங்குங்க. நான் ரங்கூன் பஸ்ஸில் அதைத்தான் போடுகிறேன். பட்டனைத் தட்டியதும் இஞ்சின் சத்தம் யாரோ அணைத்த மாதிரி போய்விடும். சார்ஜ்தானே, கேஸுக்குள்ளேயே மூன்று நான்கு தடவைக்கு வரும்.

மைக்செட்காரர் எழுதியது:

தங்கச்சி, கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுவதுதான் என் தொழில். ஜெனரேட்டர் என் பிழைப்பில் பாதி, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தெருவில் ஓடும் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் வேண்டுமானால் அது அப்படித்தான் ஓடியாக வேண்டும். ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, விநாடிக்கு 25. அந்த 25இன் மேல் 50, 75, 100 என்று மடங்கு மடங்காகச் சத்தம் ஏறும். உங்கள் வீணையின் மந்தரம், அனுமந்தரம் என்ற இரண்டு அடித் தந்திகளும் எங்கே அதிர்கின்றன? சுருதியைப் பொறுத்துக் கிட்டத்தட்ட 60இலிருந்து 90 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. கமகம் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான், உங்கள் போன் அல்ல.

தம்பி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இப்படி மாறாமல் ஓடும் அடிச்சத்தத்தை எதிர் அலை போட்டு அழிப்பதில் கேன்சலிங் கெட்டி. ஆனால் பேச்சு, கூவல், ஹாரன் என்று மாறி மாறி வருவதில் அது திணறும். அடைக்கிற இயர்போன் இதற்கு நேர்மாறு. மேல் சத்தத்தைச் சுலபமாக வெட்டும். அடிச்சத்தத்தை வெட்ட வேண்டுமானால் அடைப்பு மயிரிழைகூடக் கசியக் கூடாது. கசிந்தால் வெளி இரைச்சல் உள்ளே வரும், பாட்டின் அடித்தொனி வெளியே போய்விடும். அதனால் எந்தக் கம்பெனி என்பது இரண்டாவது கேள்வி. இயர்போன் நுனியில் மாட்டும் ரப்பர் முனைகளில் எது உங்கள் காதில் ஒட்டி உட்காரும் என்பதுதான் முதல் கேள்வி.

போடும் முறையே பலருக்குத் தெரியாது. இடது காதுக்கு என்றால், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடியுங்கள். காதுக் குழாய் வளைந்தது, இழுத்தால்தான் கொஞ்சம் நிமிரும். அந்த நேரத்தில் இடது கையால் உள்ளே விட்டு, மடலை விடுங்கள். பிறகு பாட்டை ஓடவிட்டு, விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது அடித்தொனி சட்டென்று கூடினால் அடைப்பு சரியில்லை, முனையை மாற்ற வேண்டும். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வலதுக்கு நடு அளவு, இடதுக்குச் சின்னது என்று போட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நழுவுகிறதே என்று பெரிய முனை போடுகிறவர்கள் உண்டு. சின்னக் காதில் அது வாயிலிலேயே மடங்கி நின்று இன்னும் நழுவும்.

வெற்றிலை போடும் பழக்கம் உண்டா? கேட்கிறேன் என்று கோபப்பட வேண்டாம். மெல்லும்போது தாடை அசைந்தால் காதுக் குழாயின் வடிவமும் மாறும், அடைப்பு விட்டு விட்டுப் பிடிக்கும்.

இனி பொருளுக்கு வருகிறேன். அடைப்பு என்றால் எட்டிமோட்டிக்தான். 1991இல் இஆர்4 கொண்டுவந்ததிலிருந்து அந்தக் கம்பெனிக்கு அதே வேலை. முனை மூன்றடுக்குக் குடையாக இருக்கும், குழாய்க்குள் ஆழமாகப் போகும். இப்போதைய வரிசையில் இஆர்2 போதும். அதிலும் எக்ஸ்ஆர் என்று போட்டிருப்பதில் அடித்தொனி கொஞ்சம் கூடுதல், வீணைக்கு நல்லது. வெளிச்சத்தத்தை 35 முதல் 42 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை வெட்டும் என்று கம்பெனி சொல்கிறது. அடுத்தது ஷூர் எஸ்இ215. அதற்கு 37 டெசிபல் வரை என்கிறார்கள். கொஞ்சம் கனமான, சூடான தொனி. பாட்டுக் கச்சேரிக்குச் சுகம், வீணையின் மீட்டு சற்று மழுங்கும். இரண்டிலும் வயரைக் கழற்றி மாற்றலாம். ரங்கூன் மழையிலும் படகுக் கூட்டத்திலும் முதலில் சாவது வயர்தான்.

டெசிபல் கணக்கெல்லாம் சரியாகப் போட்டால் கிடைக்கும் உச்சம், அவ்வளவுதான். அதற்கு மேல் எவ்வளவு அடைத்தாலும் சத்தம் மண்டை எலும்பு வழியாக உள்ளே வந்துவிடும்.

விலை குறைவாக மூன்ட்ராப், கேஇசட் என்று சீனப் பொருள்கள் வருகின்றன. தொனி அருமை, அந்த விலைக்கு நம்ப முடியாது. ஆனால் உள்ளே அதிரும் சவ்வான டயஃப்ரம் மூச்சுவிடக் கூட்டில் பெரும்பாலும் ஓர் ஊசித்துளை வைத்திருப்பார்கள், அடைப்பு அங்கேயே கொஞ்சம் போகிறது. அமைதியான அறை உள்ளவர்களுக்கு அவற்றைத்தான் சொல்வேன். உங்களுக்கு இல்லை.

வயர் சட்டையில் உரசினால் அது காதுக்குள் டரக் டரக் என்று கேட்கும். காதுக்கு மேலாகச் சுற்றி, பின்கழுத்தில் இறக்கினால் பாதிக்கு மேல் அடங்கும். ஷூர் அப்படிப் போடுவதற்கென்றே செய்தது. எட்டிமோட்டிக்குக் கிளிப் இருக்கிறது, அதைச் சட்டையில் மாட்டுங்கள்.

தாலாக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே. வெற்றிலை எனக்கு இல்லை, அப்பாவுக்கு உண்டு, அவரிடம் சொல்கிறேன். மூன்றடுக்கு முனை என்றதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அவ்வளவு ஆழமாகப் போனால் வலிக்காதா? அப்புறம் ஃபோம் முனை என்று வேறு ஒன்றைப் படத்தில் பார்த்தேன், அது எப்படி?

மோல்மேன் மல்லி எழுதியது:

நான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன், அதனால் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வயது வந்தவர்களுக்குக் காதுக் குழாய் இரண்டரை சென்டிமீட்டர் போல இருக்கும். வெளியே மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, உள்ளே மூன்றில் இரண்டு பங்கு எலும்பின் மேல் மெல்லிய தோல். அந்த உள்பகுதிக்கு ரொம்பக் கூச்சம். மூன்றடுக்கு முனை அதன் பக்கம் வரைக்கும் போகிறது, அதனால் முதல் நாள்களில் சிலருக்கு இருமல்கூட வரும். மெதுவாகப் பழகினால் சரியாகிவிடும். ஆனால் வலித்தால் தள்ளக் கூடாது. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்கவே கூடாது. நன்றாக அடைத்ததை இழுத்தால் செவிப்பறை அந்த இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கும். லேசாகத் திருகி, காற்று உள்ளே போகவிட்டு எடுங்கள்.

மழைக்காலத்தில் எங்களிடம் வருகிறவர்களில் காதில் பூஞ்சை பிடித்தவர்கள் நிறைய. குளித்த ஈரத்தோடு அடைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். சிலிக்கோன் முனையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பஞ்சுக் குச்சி போட்டுக் காதைக் குடையாதீர்கள், அழுக்கு உள்ளே போய் இறுகும்; அதன் மேல் இயர்போனும் போனால் கேட்கவே வேண்டாம். அரிப்பு வந்தால் சில நாள் இயர்போனுக்கு லீவு கொடுங்கள்.

மைக்செட்காரர் எழுதியது:

மல்லி சொன்னதே சரி. ஃபோமைப் பொறுத்தவரை, சின்னக் காதுக்கும் நழுவும் காதுக்கும் அதைவிட நல்லது கிடையாது. விரலால் உருட்டி ஒல்லியாக்கி உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். சூட்டுக்கு இளகிக் குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். நழுவாது, வலியும் குறைவு. மேல் தொனியைக் கொஞ்சம் மந்தமாக்கும் என்பது ஒரு குறை. வேர்வையும் காது அழுக்கும் ஏறினால் கழுவி மீட்க முடியாது, சில மாதத்தில் விரியும் சக்தி போய்விடும், புதிது போட வேண்டும் என்பது பெரிய குறை. நம் ஊரில் ஃபோம் முனை தேடி அலைய முடியாது, ஆகவே வாங்கும்போதே கூடுதலாக வாங்க வேண்டும்.

ஷூர், எட்டிமோட்டிக் இரண்டின் மூக்கும், அதாவது முனை மாட்டும் குழலும், ஒல்லி. மார்க்கெட்டில் பாக்கெட்டாகத் தொங்கும் முனைகள் தடித்த மூக்குக்கு ஆனவை, இவற்றில் மாட்டினால் கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்க மல்லியின் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பெகுப்பையன் எழுதியது:

சரி, தோற்றேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன் அக்கா: படகில் உட்கார்ந்து கேளுங்க. ஸ்ட்ராண்ட் ரோட்டைக் கடக்கும்போது இரண்டையும் கழற்றிடுங்க. என்னுடையதிலாவது வெளிச்சத்தம் கேட்க ஒரு பட்டன் இருக்கு, உங்களுடையதில் அது இல்லை.

தாலாக்கரை எழுதியது:

கழற்றிவிடுவேன் தம்பி, அம்மாவும் இதையேதான் சொன்னார்.

ஃபோம் போட்டு ஷூர் எஸ்இ215 வாங்கலாம் என்று நினைக்கிறேன். மூன்றடுக்குக்கு இன்னும் தைரியம் வரவில்லை. டவுனில் ஒரு கடையில் அதே பெயர் போட்டு, பெட்டியோடு, பாதி விலைக்குச் சொல்கிறார்கள். வாங்கலாமா அண்ணே? இல்லையென்றால் பாங்காக்கில் வேலை பார்க்கும் சித்தி மகன் தீபாவளிக்கு வருகிறான், அவனிடம் சொல்லலாம்.

மைக்செட்காரர் எழுதியது:

பாதி விலை என்றால் வேண்டாம். அந்த மாடலுக்குப் போலி நிறைய. பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டுப் பார்த்தால்தான் தெரியும், கடையில் கேட்கவும் விட மாட்டார்கள்.

சித்தி மகனிடமே சொல்லுங்கள். மைக் உள்ளதும் இல்லாததும் என்று இரண்டு வயரில் வரும், போனுக்கு எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் போனில் பழைய வட்டத் துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி ஒன்று. பெட்டியில் மூன்று அளவு முனையும் இருக்கும், ஆனால் ஒவ்வோர் அளவிலும் ஒரு ஜோடிதான், அதனால் சின்ன அளவு ஃபோம் தனியாக ஒரு பாக்கெட்.

வந்ததும் சத்தத்தைப் பழைய அளவில் வைக்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று அளவு வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூட்டினால் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். படகு இஞ்சினுக்கு மேல் கேட்க வேண்டும் என்று இத்தனை நாள் ஏற்றி வைத்திருப்பீர்கள், இனி அது தேவைப்படாது. சித்தி மகன் வந்ததும் இடது காதுக்கு எந்த முனை சரிப்பட்டது என்று எழுதுங்கள். என் மருமகளுக்கும் இதே தொல்லை.