ஆப்பிரிக்கத் தேர்தல்கள்: சாவடி வாசலில் ஒட்டிய தாளை முதலில் படம் எடுங்கள்

பார்வையாளராகப் போகும் பலர், வாக்குப்பதிவு முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். முக்கியமான வேலையே அதற்குப் பிறகுதான். கென்யாவில் ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 700 வாக்காளர்கள். எண்ணி முடித்ததும் சாவடியின் முடிவுத்தாளான படிவம் 34ஏ-வில் வேட்பாளர்களின் முகவர்கள் கையெழுத்திடுவார்கள். ஒரு பிரதி வாசலில் ஒட்டப்படும், அதன் படம் தேர்தல் கருவி வழியே தலைநகர் நைரோபிக்குப் போகும். தொகுதிக் கூட்டுத்தொகை 34பி-யில். 2017 ஆகஸ்டில் எல்லா 34ஏ-வும் வந்து சேருமுன்பே அதிபர் தேர்தல் முடிவை அறிவித்தார்கள். 11,000-க்கும் மேற்பட்ட சாவடிகளில் நெட்வொர்க் இல்லை என்றது தேர்தல் ஆணையம். சர்வரைப் பார்வையிட அனுமதிக்கச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவையும் முழுமையாக நிறைவேற்றவில்லை. செப்டம்பர் 1 அன்று, நான்கு நீதிபதிகள் ஆதரவாகவும் இருவர் எதிராகவும் தீர்ப்பளிக்க, தேர்தல் ரத்தானது. அதன் பலன் 2022-இல் தெரிந்தது: 34ஏ படிவங்கள் பொது இணையதளத்தில் ஏறின, யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். கண்டம் முழுக்க வர வேண்டிய ஏற்பாடு இது.

*

மலாவியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019 மே தேர்தலின் முடிவுத்தாள்களில் ஒயிட்னர் பூசி எண்களைத் திருத்தியிருந்தார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் தேர்தலை ரத்து செய்தார்கள். ராணுவப் பாதுகாப்போடு, குண்டு துளைக்காத சட்டை அணிந்து நீதிமன்றம் வந்தவர்கள் அவர்கள். அந்தத் துணிவை மறக்கக் கூடாது. வெற்றிக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும் என்றும் தீர்ப்பில் சொன்னார்கள். ஜூன் 23 மறுதேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் சக்வேரா அப்படியே வென்றார்.

முகவர்களுக்கு ஒன்று: எண் தவறினால் ஒற்றைக் கோட்டில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, எல்லோரும் கையெழுத்திடச் சொல்லுங்கள். அழித்து எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பிரதியை வாங்காமல் நகராதீர்கள்.

*

எல்லாச் சாவடிக்கும் ஆள் போட முடியாத அமைப்புகள் மாதிரிக் கணக்கு எடுக்கின்றன; அதாவது, சில சாவடிகளின் முடிவை வைத்து மொத்த முடிவை மதிப்பிடுகின்றன. சாவடிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். தொலைவிலுள்ள சாவடியிலிருந்து தகவல் வரவில்லை என்று பக்கத்துச் சாவடியை எடுத்துக்கொண்டால் கணக்கு நகரத்துப் பக்கம் சாய்ந்துவிடும். தகவல் அனுப்ப வாட்ஸ்அப்பை மட்டும் நம்பவும் கூடாது. 2021 ஜனவரி தேர்தலுக்கு முந்தைய நாள் உகாண்டாவில் இணையத்தையே முடக்கினார்கள். எஸ்எம்எஸ், குரல் அழைப்பு இரண்டுக்கும் முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள்.

*

தாள் கையில் இருந்தாலும், கொண்டுபோய்க் காட்ட ஒரு நீதிமன்றம் வேண்டுமே. தான்சானியா அரசமைப்பின் 41(7) பிரிவுப்படி, அறிவிக்கப்பட்ட அதிபர் தேர்தல் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கவே முடியாது. இது ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்துக்கு முரண் என்று அருஷாவிலுள்ள ஆப்பிரிக்க நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆனால் தனிநபர்கள் அங்கே நேரடியாக வழக்குத் தொடுக்க அவர்கள் நாட்டு அரசு, அந்த நீதிமன்றத்தை அமைத்த நெறிமுறையின் 34(6) பிரிவின்கீழ் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ருவாண்டா அதை 2016-இலும், தான்சானியா 2019-இலும், பெனினும் ஐவரி கோஸ்ட்டும் 2020-இலும் திரும்பப் பெற்றுவிட்டன. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸில் உறுப்பினராக உள்ள நாடுகளில் இருப்பவர்கள் அபுஜாவிலுள்ள எகோவாஸ் நீதிமன்றத்தைப் பாருங்கள்: மனித உரிமை வழக்குக்கு உள்நாட்டு நீதிமன்றங்களில் முதலில் ஏறி இறங்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.