சேகோ ஆலைக் கழிவுநீரின் நாற்றத்துக்கு உயிரி வடிகட்டி உதவுமா?

ஆத்தூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் சிறிய சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றைக் குடும்பமாக நடத்தி வருகிறோம். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) கழுவிய நீரும், மாவு படிந்தபின் மேலே தெளிந்து நிற்பதை வடித்துவிடும் நீரும் முதலில் ஒரு திறந்த சேகரிப்புத் தொட்டிக்கு வருகின்றன. அங்கிருந்து மூடிய பயோகேஸ் கலனுக்கும், பின்னர் ஒரு வெளியேற்றத் தொட்டி வழியாக இரண்டு குட்டைகளுக்கும் செல்கின்றன. பயோகேஸ் வறுவல் அடுப்புக்குப் பயன்படுவதால் அதில் குறையில்லை. ஆனால், விடியற்காலையில் காற்று அசையாமல் நிற்கும்போது அழுகிய முட்டை நாற்றம் கிழக்கே உள்ள குடியிருப்பு வரை படர்ந்துவிடுகிறது. ஊரார் இரண்டு முறை நேரில் வந்து சொல்லிவிட்டார்கள். மூன்றாம் முறை மனுவாகத்தான் வரும்.

இரண்டு விற்பனையாளர்கள் வந்து பார்த்தனர். ஒருவர், பிளாஸ்டிக் துண்டுகள் நிரப்பிய உயரமான கோபுரத்தின் மேலிருந்து கழிவுநீரைத் தெளிக்கும் அமைப்பைக் காட்டி, அதை உயிரி வடிகட்டி என்றார். மற்றவர், தேங்காய் நாரும் மட்கிய உரமும் கலந்த படுகையின் அடியிலிருந்து நாற்றக் காற்றைச் செலுத்தும் அமைப்பைக் காட்டி, அதையும் உயிரி வடிகட்டி என்றார். வைத்துவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்றும் சொன்னார். இவை இரண்டும் ஒன்றா? எங்களுக்கு எது பொருந்தும்?

நீரியல் பொறியாளர்:

தத்துவம் ஒன்று, வேலை வேறு. வடிகட்டி என்றதும் துளைகளில் அழுக்கைப் பிடிக்கும் டீ வடிகட்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே பிளாஸ்டிக்கும் நாரும் நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ்வதற்கான இடம் மட்டுமே. அவற்றின் மேல் படரும் வழவழப்பான படலம்தான் அழுக்கை உண்கிறது. கோபுரத்தின் பெயர் சொட்டு வடிகட்டி. கருங்கல் ஜல்லி நிரப்பிய அதன் பழைய வடிவம் இங்கிலாந்தில் 1890-களிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. நாற்றக் காற்றை மண் படுகை வழியே செலுத்திச் சுத்திகரிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 1957-இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

சேகோ ஆலையின் கழிவுநீரை நேரடியாகச் சொட்டு வடிகட்டியில் விட வேண்டாம். அதில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருக்கும். மாவுச்சத்தைத் தின்று படலம் தடித்து, ஒரு சில வாரங்களில் இடைவெளிகள் அடைபட்டு, உள்ளே காற்று புகாமல் போய், கோபுரமே புதிய நாற்றமாக மாறிவிடும். பயோகேஸ் கலனில் பெரும்பங்கு கழிந்தபின் எஞ்சும் நீருக்கு அது நல்ல கருவி. ஆறு, ஏரி போன்ற நீர்நிலையில் விடுவதற்கான பி.ஓ.டி. வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம், பாசன நிலத்தில் விட 100 என்பதால், அந்தக் கடைசிக் கட்டத்துக்குக் கோபுரம் உதவும். உதிரும் படலத்தைப் படிய வைக்க அதன் பின்னால் ஒரு தெளிவுத் தொட்டி கட்டாயம் வேண்டும். விற்பனையாளரின் விலைப்பட்டியலில் பெரும்பாலும் விடுபடுவது அதுதான். ஆனால், உங்கள் இப்போதைய பிரச்சினை காற்றில் இருக்கிறது. கரைந்த நாற்ற வாயுவோடு வரும் நீரைக் கோபுரத்தின் மேலிருந்து தெளித்தால் அந்த வாயு இன்னும் வேகமாக வெளியேறும்.

நாற்றத்துக்கு நார்ப் படுகையே சரி. கணக்கு இப்படி வரும்: தொட்டிகளை மூடி மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை உறிஞ்சினால், அந்தக் காற்று படுகைக்குள் 45 விநாடி தங்குவதற்கு 12.5 கன மீட்டர் கொள்ளளவு தேவை. ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம். தொட்டியை மூடாமல் படுகை வைப்பது வீண் செலவு, ஏனெனில் உறிஞ்சாத காற்று ஊருக்குத்தான் போகும்.

பம்ப் அறை:

ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். கழிவுநீர் உந்து நிலையம் ஒன்றில் இதே போன்ற படுகையை மூன்று ஆண்டுகள் பராமரித்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதல் கோடையிலேயே நாற்றம் திரும்பிவிட்டது. மேற்பரப்பு ஈரமாகத் தெரிந்ததால் காரணம் புரியவில்லை. மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தபோது, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே நார் மொறுமொறுவென்று காய்ந்து, சுவரோரமாக விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. காற்று அடியிலிருந்து வருவதால் அடிப்பகுதிதான் முதலில் உலரும். மேலே தெளிக்கும் தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதில்லை. விரிசல் கிடைத்ததும் காற்று எல்லாம் அந்த வழியே போய்விடுகிறது. படுகைக்குள் நுழையும் முன்பே காற்றை நீர்த்தூவல் வழியாக அனுப்பி நனைத்த பிறகுதான் நிலைமை சீரானது. கைப்பிடி நாரை எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். தண்ணீர் வழிந்தால் மிகுதி, ஒன்றுமே வராவிட்டால் குறைவு. மீட்டரைவிட நான் இதைத்தான் நம்பினேன்.

இரண்டாவது, அமிலம். நுண்ணுயிர்கள் அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைத் தின்று கந்தக அமிலமாக்குகின்றன. எங்கள் படுகையின் வடிகால் சிமென்ட்டால் ஆனது. இரண்டாம் ஆண்டில் ஜல்லி வெளியே தெரிய ஆரம்பித்தது. வடிகாலுக்குப் பி.வி.சி. குழாய் போடுங்கள், வடியும் நீரின் பி.எச். (அமிலத்தன்மை) அளவை வாரம் ஒருமுறை பாருங்கள்.

நீரியல் பொறியாளர்:

பம்ப் அறை நண்பர் சொன்ன அமிலத்துக்கு எண்ணிக்கை தருகிறேன். நான் எடுத்துக்கொண்ட மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றில் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால், ஒரு நாளைக்குச் சுமார் 3.4 கிலோ வாயு படுகைக்குள் போகிறது. அது முழுவதும் மாறினால் ஏறக்குறைய 10 கிலோ கந்தக அமிலம். அதை நடுநிலையாக்க அதே எடைக்குச் சுண்ணாம்புக்கல் தேவை. கிளிஞ்சலைப் படுகையில் கலப்பது இதற்காகத்தான், ஆனால் நாளொன்றுக்குப் பத்துக் கிலோ என்றால் கிளிஞ்சல் விரைவில் தீர்ந்துவிடும். அவ்வப்போது தண்ணீர் விட்டுப் படுகையை அலசியே ஆக வேண்டும்.

கிழங்குத்தரகு:

பொறியாளர்கள் இருவரும் நாற்றம் வந்தபின் என்ன செய்வது என்றே பேசுகிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. கிழங்கில் உள்ள கந்தகம் இவ்வளவு நாற்றத்தைத் தராது. மாவு வெளுக்கவோ விரைவாகப் படியவோ கந்தக அமிலம் சேர்க்கும் வழக்கம் தங்களிடம் இருந்தால், அதிலிருந்து வரும் சல்ஃபேட் என்ற கந்தகச் சேர்மத்தைத்தான் காற்றில்லாத கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. பணம் கொடுத்து அமிலத்தை வாங்கி ஊற்றி, அதையே படுகையில் மீண்டும் அமிலமாக வடித்து, சுண்ணாம்பு போட்டு அணைப்பதில் என்ன பொருள் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, கிழங்கு வரத்து நின்று ஆலை மூடியிருக்கும் மாதங்களில் படுகையில் உள்ள உயிர்களுக்கு எது உணவு?

ஆத்தூர்க்காரன்:

மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. அமிலம் பற்றிய கேள்வி சரியான இடத்தில் குத்தியது. அப்பா காலத்திலிருந்தே சிறிதளவு சேர்த்து வருகிறோம்; இந்த வாரம் முதல் நிறுத்திப் பார்க்கிறோம். வாயுமானி ஒன்றை இரவல் வாங்கி அளந்ததில், சேகரிப்புத் தொட்டியில் பலகையால் மூடிய ஓரத்தில் 15 பி.பி.எம்., கலனுக்குப் பிந்தைய வெளியேற்றத் தொட்டியில் 180 பி.பி.எம். காட்டியது. நாற்றம் திறந்த தொட்டியிலிருந்துதான் வருகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம். மூடியைத் தூக்கிய நொடியில் கடுமையாக வீசியது, பிறகு பெரிதாகத் தெரியவில்லை என்று தம்பி சொன்னான்.

நீரியல் பொறியாளர்:

தம்பி சொன்னதைக் கேட்டுத்தான் அவசரமாக எழுதுகிறேன். 100 பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். வாயு அங்கேயேதான் இருக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டிக்குள் தேங்கி நிற்கும். இனி யாரும் குனிந்து பார்க்க வேண்டாம், தொட்டிக்குள் இறங்கவே வேண்டாம். வாயுமானியைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள், பக்கத்தில் இன்னொருவர் நிற்கட்டும்.

அமிலத்தை நிறுத்தியபின், கலனில் உள்ள பழைய நீர் முழுவதும் மாறும் வரை பொறுத்து, அதே இரண்டு இடங்களிலும் மீண்டும் அளந்து இங்கே பதியுங்கள். வெளியேற்றத் தொட்டி சிறியது என்றால் அதை மட்டும் மூடி உறிஞ்சினால் போதும். படுகையும் நான் சொன்னதில் பாதியாகலாம். ஆலை ஓடாத மாதங்களில் படுகையை ஈரமாக வைத்து, விசிறியைத் தினமும் சிறிது நேரம் ஓட்டினால் உயிர்கள் முற்றிலும் அழியாது. ஆனால் அடுத்த பருவத்தில் பழைய வேகத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதை ஊராரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.