கோட்டாறு பழைய கடைக் கட்டடம்: சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் வேணும்

நாகர்கோவில் கோட்டாறு கடைத்தெருவில எங்களுக்கு ஒரு பழைய மாடிக் கடை இருக்கு. திருவிதாங்கூர் காலத்துக் கட்டு, 1956-ல நம்ம மாவட்டம் சென்னை மாநிலத்தோட சேர்றதுக்கு முந்தினது. கீழே நிரைப்பலகை போட்ட முகப்பு, மேலே அயனிப் பலகை மச்சு, அதுக்கு மேல மங்களூர் ஓடு. சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும், ஒன்றரை அடி கனம்.

பிரச்சினை தெருப்பக்கச் சுவர்ல. தரையிலிருந்து இடுப்பளவு ஈரம் ஏறி, வெள்ளையா உப்பு பூத்து நிக்குது. விரலால தடவினா செங்கல் மாவா கொட்டுது. ஆனி, ஐப்பசி ரெண்டு மழையும் நமக்கு உண்டே, சுவர் காயவே நேரமில்ல.

முன்னால வாடகைக்கு இருந்தவர் அடிப்பகுதிக்கு சிமெண்ட் பூசிட்டுப் போயிட்டார். இப்போ அந்தப் பூச்சுக்கு மேலே உப்பு ஏறுது. ஓடு மாத்திப் பார்த்தாச்சு, தண்ணி மேலேயிருந்து வரல. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ஒரே மழையில கொப்புளிச்சு உரிஞ்சிடுச்சு. ரோட்டை உயர்த்தி உயர்த்தி கடைத் தரை பள்ளமாயிடுச்சு, அதுவும் காரணம்னு நினைக்கேன். கேட்ட எஞ்சினியர்மாரெல்லாம் இடிச்சிட்டு கான்கிரீட் போடச் சொல்லுதாங்க. மச்சுல ஒரு பலகைகூட உளுக்கல, எதுக்கு இடிக்கணும்?

சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைச்சு வைக்கும், சுண்ணாம்பு வெளியே விடும். அதனால சிமெண்டைக் கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்பே பூசப் போறோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணியில சுண்ணாம்பு அரைச்சுப் பூசத் தெரிஞ்ச கொத்தனார் தக்கலை, குளச்சல், நாகர்கோவில் பக்கம் இப்பவும் யாராவது வேலை செய்யுதாங்களா?