கோட்டாற்றின் முதல் ஆயர் பென்சிகரா?

கோட்டாறன்:
நேற்று நம் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் பங்கு ஒன்றின் திருவிழா மலரைப் புரட்டியபோது, "நமது முதல் ஆயர் அலோசியஸ் மரியா பென்சிகர் ஆண்டகை" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கண்டு மனம் கொதித்தது. நாகர்கோவிலை மையமாகக் கொண்ட கோட்டாறு மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) ஆட்சிப் பகுதி, 1930 மே 26 அன்று கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் முதல் ஆயர் லாரன்ஸ் பெரைரா ஆண்டகை. 1938 வரை அந்தப் பொறுப்பைச் சுமந்த ஒருவரை ஒரே வரியில் துடைத்தெறிய எவருக்கு உரிமை?

வேணாட்டான்:
அண்ணாச்சி, அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான்தான். சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் ஊரில், பெயர் பெற்ற பதிப்பகக் குடும்பத்தில் 1864-ல் பிறந்து, செல்வத்தை விட்டுக் கார்மேல் சபைத் துறவியாகி, 1890-ல் இந்தியாவுக்கு வந்து, 1905 முதல் 1931 வரை கொல்லம் ஆயராக இருந்தவர் அவர். 1930 வரை கோட்டாறும் குளச்சலும் முளகுமூடும் அவர் ஆட்சிக்குள்தான் இருந்தன. என் பாட்டி உறுதிபூசுதல் என்ற அருளடையாளத்தைப் பெற்றது அவர் கையால். "பென்சிகர் மேற்றிராணியார்" என்று, ஆயரைக் குறிக்கும் பழைய சொல்லால், சொல்லும்போதெல்லாம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார். அவரை முதல் ஆயர் என்றது குற்றமா?

கோட்டாறன்:
பாட்டியின் பக்தியை நான் குறை கூறவில்லை. அச்சில் ஏறிய பிழையைத்தான் கேட்கிறேன். ஆட்சிக்குள் இருந்ததே போதும் என்றால், பென்சிகருக்கு முன் கொல்லத்தில் ஆயராக இருந்த ஓசி ஆண்டகையை ஏன் முதல் ஆயர் என்று எழுதவில்லை? எங்கள் வீட்டில் இரண்டு திருமுழுக்கு (ஞானஸ்நான) சான்றுகள் இருக்கின்றன. 1927-ல் பிறந்த தாத்தாவின் தாளில் கொல்லம் மறைமாவட்டம் என்றும், 1932-ல் பிறந்த அவர் தம்பியின் தாளில் கோட்டாறு மறைமாவட்டம் என்றும் இருக்கிறது. கோயில் அதே கோயில், முத்திரைதான் வேறு. கோட்டாற்றின் முதல் ஆயர் லாரன்ஸ் பெரைரா.

குளச்சல் வாசகர்:
முத்திரையை மட்டும் பார்த்தால் மனிதரின் பணி கண்ணில் படாது. பென்சிகர் காலத்தில், 1906-ல், சுவிஸ் நாட்டுத் திருச்சிலுவைச் சகோதரிகள் திருவிதாங்கூர் அரசு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்தார்கள். பின்னாளில் நாகர்கோவிலில் ஹோலி கிராஸ் கல்லூரியை நடத்தியதும் அதே சபைதான். 1930 செப்டம்பர் 20 அன்று கேரளத்தின் ஆர்த்தடாக்ஸ் ஆயரான மார் இவானியோஸ் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்ததும் பென்சிகர் முன்னிலையில்தான்.

கோட்டாறன்:
அவர் பணியை மறுத்தேனா? இவ்வளவு படித்தவர், நான் எழுதியதை மட்டும் படிக்க மறுக்கிறீர்கள். மார் இவானியோஸ் இணைந்த அந்தச் செப்டம்பரில் கோட்டாறு தனி மறைமாவட்டமாகி நான்கு மாதம் ஆகவிருந்தது. கோட்டாற்றின் முதல் ஆயர் லாரன்ஸ் பெரைரா.

விளவங்கோட்டார்:
உங்கள் கோட்டாற்றுப் பெருமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 2014 டிசம்பரில் கோட்டாற்றிலிருந்து பிரிந்து எங்கள் குழித்துறை மறைமாவட்டம் தனியாகிவிட்டது. எங்கள் முதல் ஆயர் ஜெரோம் தாஸ் ஆண்டகை. சிரிய மரபில் வழிபடும் மலங்கரை கத்தோலிக்கருக்கோ 1996 முதலே மார்த்தாண்டம் மறைமாவட்டம் இருக்கிறது.

வேணாட்டான்:
தனியாகப் போனவர்கள் கோட்டாற்றுக் கணக்கில் தலையிட வேண்டாம்.

விளவங்கோட்டார்:
84 ஆண்டுகள் அந்தக் கணக்கில் இருந்தவர்கள் நாங்கள். மலரில் பிழையாக எழுதியவர் எங்களை அடக்கப் பார்ப்பது நியாயமில்லை.

கோட்டாறன்:
குழித்துறை பற்றிய சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1939-ல் வந்த இயேசு சபைத் துறவி ஆஞ்ஞிசாமி ஆண்டகையை இரண்டாம் ஆயர் என்றுதான் எங்கும் எழுதுகிறார்கள். இரண்டாமவர் இருந்தால் முதலாமவர் யார்? வேணாட்டான் இதற்கு மட்டும் விடை சொல்லட்டும்.

வேணாட்டான்:
பென்சிகர் ஆண்டகை 1942-ல் திருவனந்தபுரத்தில் இறந்தார். ஓய்வு பெற்ற பின்னும் தாய்நாடு திரும்பாமல் இந்த மண்ணிலேயே கண் மூடியவரை, அடுத்த ஆண்டு மலரிலும் முதல் ஆயர் என்றே எழுதுவேன்.

கோட்டாறன்:
கேட்டது ஒன்று, சொன்னது வேறு. மலர் அச்சுக்குப் போகும் முன்பே அந்த இரண்டு சான்றுகளின் நகலையும் உங்கள் பங்குத்தந்தையின் மேசையில் வைத்துவிட்டு வருவேன்.