ஜூலையில் போட்ட கணக்கு நவம்பரில் என்ன ஆனது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ப்ளூமிங்டன், இந்தியானா:

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கும் நம் ஆட்களுக்காக இந்த இழை. கோடை வந்தால் போதும், எந்த அணிக்கு அட்டவணை கஷ்டம், எதற்குச் சுலபம் என்று எல்லோரும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். அந்தக் கணக்கு உங்களுக்கு எப்படிப் போனது? முதலில் என் கதை.

2024 ஜூலையில் இந்தியானாவின் 12 ஆட்டங்களையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஜெயிப்போம் என்றால் பச்சை, தோற்போம் என்றால் சிவப்பு, சொல்ல முடியாது என்றால் மஞ்சள். முதலில் சிவப்பு அடித்தது வாஷிங்டனுக்கும் மிஷிகனுக்கும்தான். அந்த ஜனவரியில் தேசிய இறுதியாட்டத்தில் மோதியதே இந்த இரண்டு அணிகள். 2023 சீசனில் மிஷிகன் 15-0 (15 வெற்றி, தோல்வியே இல்லை), வாஷிங்டன் 14-1. நாங்களோ 3-9. எங்கள் லீக்கான பிக் டென்னின் செய்தியாளர்கள் கணிப்பில் 18 அணிகளில் எங்களுக்கு 17வது இடம். எதிரணிகளின் போன வருட வெற்றிகளைக் கூட்டிப் பார்த்தால் எங்கள் அட்டவணை பயமுறுத்தியது.

ஆனால் அதே ஏப்ரலில் என்எஃப்எல் டிராஃப்டை, அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதை, நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மிஷிகனிலிருந்து 13 பேர், வாஷிங்டனிலிருந்து 10 பேர் போனார்கள். இரண்டு அணிகளின் குவாட்டர்பேக்குகளும் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) அதில் அடக்கம். மிஷிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா என்எஃப்எல் அணியான சார்ஜர்ஸுக்கும், வாஷிங்டனின் கேலன் டிபோர் அலபாமாவுக்கும் போய்விட்டார்கள். இத்தனையும் தெரிந்துதான் சிவப்பு அடித்தேன். அந்த இரண்டு பெயர்களைப் பார்த்ததும் கை தானாகவே சிவப்புப் பேனாவுக்குப் போய்விட்டது.

அக்டோபர் 26 அன்று வாஷிங்டனை 31-17 என்று ஜெயித்தோம். நவம்பர் 9 அன்று மிஷிகனை 20-15. இரண்டு ஆட்டமும் எங்கள் மைதானத்தில்தான். அன்றைக்கு 10-0. உடனே தொலைக்காட்சியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? இந்தியானாவின் அட்டவணை ரொம்பச் சுலபம், யாரை ஜெயித்தார்கள் என்று! ஜூலையில் மலையாகத் தெரிந்த அதே 12 பெயர்கள்தான் நவம்பரில் சப்பென்று ஆகிவிட்டன. சீசன் முடிவில் வாஷிங்டன் 6-7, மிஷிகன் 8-5.

எங்கள் அணியும்தான் மாறியிருந்தது. புதுப் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன்னோடு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்திருந்தார். அதுவும் என் தாளில் இல்லை.

கெயின்ஸ்வில், ஃப்ளோரிடா:

அண்ணா, எனக்கு நேர்ந்ததும் அதே வருடம்தான், ஆனால் எனக்குப் பணமும் போனது.

ஃப்ளோரிடாவின் 2024 அட்டவணைதான் நாட்டிலேயே கடினம் என்று கோடை முழுக்கப் பேச்சு. கடைசி ஐந்து வாரம் ஓய்வே இல்லாமல் ஜார்ஜியா, டெக்சஸ், எல்எஸ்யு, ஓல் மிஸ், ஃப்ளோரிடா ஸ்டேட். செய்தியாளர்கள் வாக்களித்துப் போடும் சீசனுக்கு முந்தைய ஏபி தரவரிசைப் பட்டியலில் அவற்றின் இடங்கள் முறையே 1, 4, 13, 6, 10. எங்களிடம் சீசன் டிக்கெட் இருந்தது. நவம்பரில் போய் அடி வாங்குவதை ஏன் பார்க்க வேண்டும் என்று எல்எஸ்யு, ஓல் மிஸ் இரண்டு ஆட்டத்தின் டிக்கெட்டையும் ஆகஸ்டிலேயே வாங்கிய விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டேன்.

ஜார்ஜியாவிடம் தோற்றோம், டெக்சஸிடம் 49-17. சரி, நாம் நினைத்ததுதான் என்று இருந்தேன். அப்புறம் எல்எஸ்யுவை 27-16 என்று ஜெயித்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஓல் மிஸ் ஆட்டத்தை வீட்டில் டிவியில் பார்க்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேடியம் பக்கம். டிவியில் படம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். கடைசி நிமிடங்களில் ஓல் மிஸ் குவாட்டர்பேக் பந்தை எறியப் பின்வாங்குகிறார், கை இன்னும் மேலே போகவில்லை. அதற்குள் ஜன்னல் வழியாக ஒரே ஆரவாரம். பந்தை நம் ஆள் பிடித்துவிட்டான் என்று டிவிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. 24-17. அந்தச் சத்தத்துக்குள் நான் இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

10வது இடத்திலிருந்த ஃப்ளோரிடா ஸ்டேட்? அந்த வருடம் 2-10. நாங்கள் 31-11 என்று ஜெயித்தோம். முந்தைய வருடம் 13-0 வரை போன அணி அது.

சால்ட் லேக் சிட்டி:

யூட்டாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024இல் பிக் 12 லீக்கை எங்கள் அணிதான் ஜெயிக்கும் என்றார்கள். 5-7 என்று முடித்தது. 16 அணிகளில் கடைசி இடம் என்று கணித்த அரிசோனா ஸ்டேட் பட்டம் வாங்கியது.

கொலம்பஸ், ஒஹாயோ:

வேலையே எண்களோடுதான் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. எதிரணிகளின் போன வருட வெற்றி விகிதத்தைக் கூட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஆள் மாறியதை அது பார்க்காது. யாரை ஜெயித்தார்கள் என்பதையும் பார்க்காது. 2023இல் லிபர்ட்டி 13-0. சீசன் கடைசியில் ஃபியஸ்டா போல் ஆட்டத்தில் ஆரெகனிடம் 45-6 என்று தோற்றது. அந்த 13ஐயும் பலமான லீக்கான எஸ்இசியின் அணி ஒன்றின் 10ஐயும் ஒரே தராசில் வைப்பது நியாயமா?

பில் கானலியின் எஸ்பி பிளஸ் மாதிரி மதிப்பீடுகள், திரும்பி வரும் ஆட்டக்காரர்கள் எவ்வளவு, சமீப வருடங்களில் எப்படி ஆட்களைச் சேர்த்தார்கள், அணியின் அண்மைக்கால வரலாறு என்ன என்று பார்க்கின்றன. அவை பரவாயில்லை.

ஆனால் நான் பல வருடம் தவறவிட்டது வேறொன்று. கஷ்டம் என்றால் யாருக்குக் கஷ்டம்? ஓர் அட்டவணையில் மூன்று ராட்சத அணிகளும் ஒன்பது நோஞ்சான் அணிகளும் இருக்கின்றன. இன்னொன்றில் 12ம் நடுத்தர அணிகள். சராசரி ஒன்றாகவே இருக்கலாம். 11 ஜெயித்தால்தான் பிளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான சுற்று) என்று நினைக்கும் அணிக்கு முதல் அட்டவணைதான் ஆபத்து. ஆறு ஜெயித்து ஒரு போல் ஆட்டத்துக்கு, அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் கூடுதல் ஆட்டத்துக்குப் போனால் போதும் என்ற அணிக்கோ அதுதான் வரம், இரண்டாவதில்தான் மூச்சு முட்டும். இதைச் சொல்லாமல் ஒரே பட்டியலில் 1, 2, 3 என்று போடுவதை நான் நம்புவதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ்:

எல்லோரும் எதிரணியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜூலையிலேயே உறுதியாகத் தெரிவது தேதியும் இடமும்தான். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

யுசிஎல்ஏ பிக் டென்னில் சேர்ந்த முதல் வருடம், 2024. ஹவாயியில் தொடங்கினார்கள். அப்புறம் இந்தியானா, எல்எஸ்யு, ஆரெகன், பென் ஸ்டேட், மினசோட்டா, இடையில் ஒரு வார ஓய்வுகூட இல்லாமல். இதில் எல்எஸ்யு ஆட்டம் லூசியானாவில், பென் ஸ்டேட் ஆட்டம் பென்சில்வேனியாவில். பென் ஸ்டேட் ஆட்டம் அங்கே நண்பகலில் தொடங்கியது. எங்களுக்குக் காலை ஒன்பது. நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன், அந்தப் பிள்ளைகள் அங்கே மோதிக்கொண்டிருந்தார்கள். ஐந்தும் தோல்வி. அந்த ஐந்தில் இந்தியானாதான் சுலபம் என்று நானும் நினைத்தேன், ப்ளூமிங்டன் நண்பரே! எங்கள் மைதானமான ரோஸ் போலுக்கே வந்து 42-13 என்று அடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ரட்கர்ஸை நியூ ஜெர்சியில் போய் ஜெயித்தார்கள். ஒரு வாரம் ஓய்வு. அதற்குப்பின் நெப்ராஸ்கா, அயோவா இரண்டிலும் வெற்றி. அணி ஒன்றுதான், மூச்சுவிட இடம் கிடைத்தது. முடிவில் 5-7. அந்த வருடத்திலிருந்து அட்டவணை வந்ததும் நான் முதலில் தேடுவது பை வாரம், அதாவது ஆட்டமில்லாத ஓய்வு வாரம், எங்கே விழுகிறது என்பதைத்தான்.

நாஷ்வில், டென்னசி:

வரிசையையும் பாருங்கள். 2024 செப்டம்பர் 28 அன்று அலபாமா ஜார்ஜியாவை 41-34 என்று ஜெயித்து முதலிடத்துக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை இங்கே வேண்டர்பில்ட். 1984க்குப் பிறகு அலபாமாவை எங்களால் ஜெயிக்க முடிந்ததில்லை. மூன்று வாரம் முன்னால் ஜார்ஜியா ஸ்டேட்டிடமே தோற்றிருந்தோம். யார் தாளில் பார்த்தாலும் அது அலபாமாவுக்குப் பச்சைதான்.

40-35 என்று ஜெயித்தோம். கோல் கம்பத்தைப் பிடுங்கி, தெருவழியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். பிராட்வேயில் நானும் என் மகனும் நின்றிருந்தோம். மஞ்சள் கம்பம் தலைகளுக்கு மேலே அசைந்து அசைந்து வருகிறது, தேர் வருவதுபோல. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் மகனைத் தூக்கி அதைத் தொட வைத்தார்.

எங்கள் குவாட்டர்பேக் டியேகோ பாவியா அந்த வருடம்தான் நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து வந்தவர். 2023இல் அங்கே இருந்தபோதே ஆபர்னை 31-10 என்று சாய்த்தவர். கல்லூரி மாறும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் போர்ட்டலில் யார் வந்தார் என்று கவனித்தவர்களுக்கு ஒரு சின்ன சந்தேகமாவது வந்திருக்க வேண்டும்.

சவுத் பெண்ட், இந்தியானா:

பெரிய அணி சின்ன அணியைக் காசு கொடுத்துக் கூப்பிடும் ஆட்டங்களையும் பச்சை என்று எழுதாதீர்கள். 2024இல் நார்த்தர்ன் இல்லினாய்ஸுக்கு நாட்ரடேம் கொடுத்த தொகை 14 லட்சம் டாலர். கடைசியில் 16-14 என்று தோற்றது எங்கள் நாட்ரடேம்தான். அதற்கு முந்தைய வாரம்தான் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை அவர்கள் ஊரிலேயே ஜெயித்திருந்தோம். அப்புறம் அதே அணி தேசிய இறுதியாட்டம் வரை போனது. நார்த்தர்ன் இல்லினாய்ஸ் ஆட்டத்தன்று நான் ஸ்டேடியத்தில் இருந்தேன். கடைசியில் யாரும் கத்தக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ப்ளூமிங்டன், இந்தியானா:

எல்லோருக்கும் நன்றி. என் தாளை மாற்றிவிட்டேன். எதிரணியின் பெயருக்குப் பக்கத்தில் இப்போது மூன்று கட்டம்: குவாட்டர்பேக் யார், பயிற்சியாளர் பழையவரா, அந்த வாரத்துக்கு முன்னும் பின்னும் யாரோடு ஆட்டம். வண்ணம் செப்டம்பர் கடைசியில்தான். 2026இலிருந்து எஸ்இசி அணிகள் தங்களுக்குள் எட்டுக்குப் பதில் ஒன்பது ஆட்டம் ஆட வேண்டும் என்று ஆகிவிட்டதால் கெயின்ஸ்வில் தங்கைக்கு இன்னும் சிக்கல்தான். டிக்கெட்டை மட்டும் ஆகஸ்டில் விற்றுவிடாதீர்கள், அம்மா.

கெயின்ஸ்வில், ஃப்ளோரிடா:

விற்கமாட்டேன் அண்ணா. நவம்பர் ஆட்டம் எல்லாவற்றுக்கும் நேரில் போவதாக வீட்டில் சொல்லிவிட்டேன், தோற்றாலும் சரி.