பழைய களஞ்சியம் வீடாகிறது: பதிவு எதற்கு?

கொட்டகைக்காரர்:
இங்கிலாந்தில் பழைய தானியக் களஞ்சியம் ஒன்றை வாங்கி வீடாக மாற்றுகிறேன். அனுமதி வந்துவிட்டது, ஒரு நிபந்தனையோடு: வேலை தொடங்கும் முன் கட்டடத்தை அளந்து, படமெடுத்து, வரைபடத்தோடு அறிக்கை தர வேண்டும். செலவு என்னுடையது. நான் இடிக்கவில்லையே! விழ இருந்த கூரையைக் காப்பாற்றுகிறேன். யாரும் திறக்காத கோப்புக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

அளவுநாடா:
இடிக்கவில்லை, சரி. ஆனால் கூரையிலும் சுவரிலும் வெப்பக்காப்பு அடைத்து ஜிப்சம் பலகை போடுவீர்கள். நடுவில் மாடித்தளம் வரும். களஞ்சியம் எப்படி வேலை செய்தது என்பது அதோடு மறைந்துவிடும். எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள் இருக்கின்றனவா? நடுவில் இருப்பதுதான் கதிரடித்த களம். இரண்டையும் திறந்தால் குறுக்கே காற்று வரும். தூற்றும்போது பதர் பறக்கும், மணி நிற்கும். சுவரின் ஒடுக்கமான துளைகள் கதிர் புழுங்காமலிருக்க விட்டவை. தூணும் உத்தரமும் சேருமிடத்தில் ரோம எண் போல வெட்டு இருந்தால் அது தச்சர் குறி. சட்டங்களைத் தரையில் பொருத்திப் பார்த்து, பிரித்து, மேலே ஏற்றும்போது எது எதோடு என்று தெரிய இட்டது. அந்த வரிசை ஓரிடத்தில் குழம்பினால், பின்னாளில் யாரோ சட்டத்தை மாற்றியிருக்கலாம்.

கொட்டகைக்காரர்:
போனில் நூறு படம் எடுத்துத் தந்தால் போதாதா?

அளவுநாடா:
எளிய கொட்டகைக்குக் கிட்டத்தட்ட அதுவே போதும். பாரம்பரியக் கட்டடங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் வழிகாட்டியில் பதிவுக்கு நான்கு நிலைகள் உண்டு. முதலாவது படமும் சிறு குறிப்பும். நான்காவது முழு ஆய்வு. உங்களிடம் எந்த நிலை கேட்டிருக்கிறார்கள்? கட்டடத்துக்கு மிஞ்சிய நிலை என்றால் பேசிக் குறைக்கலாம். ஆனால் அளவுகோல் வைக்காத, எந்தச் சுவர் என்று எழுதாத படம் பிறகு யாருக்கும் உதவாது.

சுண்ணாம்புச்சுவர்:
இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. ‘எல்லாம் பதிவாகிவிட்டது’ என்ற ஆறுதலில்தான் அழிப்பு நடக்கிறது. பதிவு செய்ய முடியும் என்பதை இழப்பை அனுமதிக்கும் காரணமாகக் கொள்ளக் கூடாது என்று கட்டட அனுமதிகளுக்கு வழிகாட்டும் இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையே சொல்கிறது. மேற்கு லண்டனில் 1426-இல் எழுந்த ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியம் உள்ளே தடுப்பில்லாமல் இன்றும் நிற்கிறது. அந்த நீண்ட வெளியை எந்த வரைபடத்தில் வைப்பீர்கள்?

கொட்டகைக்காரர்:
அதை இங்கிலீஷ் ஹெரிடேஜ் என்ற பாரம்பரியக் காப்பு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. என்னுடையதை யார் பார்ப்பது? இன்றைய அறுவடை இயந்திரம் உள்ளேயே நுழையாது. பயனில்லாமல் விட்டால் விழத்தான் போகிறது.

அளவுநாடா:
அது உண்மை. என் கவலை நேரம் பற்றியது. ஒருமுறை அளக்கப் போனபோது ஒப்பந்தக்காரர் ‘சுத்தம்’ செய்து முடித்திருந்தார். மரமெல்லாம் மணல் பீச்சித் தேய்த்தாயிற்று, மாட்டுத் தொட்டியைக் காணோம். மிச்சத்தைத்தான் வரைந்தேன். திட்டம் போடும் முன்பே அழைத்திருந்தால் கதிரடித்த களத்தை மூடாமல் அறைகளை அமைத்திருக்கலாம்.

கொட்டகைக்காரர்:
டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். மூன்றாவது உத்தரத்தில் வெட்டு இருக்கிறது, மாடித்தளம் வரும் அதே இடத்தில். தளத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று கட்டடக்கலைஞரிடம் கேட்கிறேன். செலவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

சுண்ணாம்புச்சுவர்:
டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், மெல்லிய வெட்டும் நிழல் விழுந்து தெரியும். கதவு நிலைகளையும் விடாதீர்கள், மூட்டை எண்ணிய கோடுகள் அங்கே இருக்கலாம்.